பின்விளக்கு எரியுதா

ஜனவரி 4, ஞாயிறு

ஐஸ் கம்பெனியில் கொடுத்த டைரி. போன வருடம் கொடுத்ததை என் மனைவி மெற்றில்டா எடுத்து, கேக் செய்முறைகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டாள். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது, பெரிதாக எதுவும் இருக்காது. கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். என் எழுத்து வரி விட்டு வரி ஏறினால் அது கம்பெனியின் குற்றம்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், இரத்த வகை கேட்டிருக்கிறது. கஸ்பார் மச்சாது. தூத்துக்குடி. இரத்த வகை மெற்றில்டாவைத்தான் கேட்க வேண்டும்.

எழுதக் காரணம் உண்டு. நான் தண்டலாக இருந்தவன். மகள் வினோவின் கல்லூரித் தோழி ஒருத்தி, "தண்டல்னா வட்டி பிரிக்கிறவங்களா அங்கிள்?" என்று கேட்டாள். இல்லையம்மா, சரக்குத் தோணியை ஓட்டிப் போகிறவன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும்போது காற்று, போகிற திசை, எந்த விளக்கைப் பார்த்தோம் என்று தினமும் எழுதிவைப்போம். தோணியை விட்டு இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் வலி. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இப்போது மறுபடியும் ஒரு பயணம் வந்திருக்கிறது, தரை வழியாக.

என் மகள் வினோலியா பாய்ப்படகுப் பந்தயத்துக்குப் போகிறவள். ஒரே ஆள் உட்காரும் சின்னப் படகு. சென்னையில் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை ஜூனியர் பந்தயம். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். போன வருடமும் புறப்பட்டோம். படகை ஏற்றிய டிரெய்லரை ஜீப்பில் மாட்டி நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரு செக்போஸ்டில் நிறுத்தி, டிரெய்லருக்கு விளக்கே இல்லை, விடிந்ததும்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சென்னை போய்ச் சேர்ந்தபோது பெயர் பதிகிற மேசையையே மடக்கிவிட்டிருந்தார்கள். வினோ ஒரு வார்த்தை பேசவில்லை. டிரெய்லரின் மேல் உட்கார்ந்து ஒரு பன் தின்றாள். பன்னை அப்படி ஒருவர் தின்று நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் எல்லாம் சட்டப்படி. டிரெய்லரை வெல்டிங் செய்தவன் நான். விளக்கும் நானே வைப்பேன்.

ஜனவரி 6, செவ்வாய்

விளக்கு வைத்தாயிற்று. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் நடுவில் வெள்ளை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் இந்த மூன்று நிறத்தைப் பார்த்துத்தான் எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்து உயிரோடு வீடு வந்தேன்.

மெற்றில்டா பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று பார்த்தாள். நான் கடலில் இருந்த காலத்தில் அவளாகவே கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்து, இன்றைக்கும் அந்த வேனை ஓட்டுகிறாள்.

"சப்பரம் மாதிரி இருக்கு" என்றாள்.

"கண்ணுக்கு நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது. மேளக்காரனை எப்பக் கூப்பிடணும்?"

ஜனவரி 9, வெள்ளி

தகுதிச் சான்றுக்காக டிரெய்லரை எஃப்.சி.க்குக் கொண்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன பச்சை?"

"வலது பக்கம்மா."

"வலது பக்கம்னு தெரியுது. எதுக்குப் பச்சை?"

"எதிர்ல வாரவனுக்கு நாம எந்தப் பக்கமாப் போறோம்னு தெரியணும்லம்மா. சிவப்பு தெரிஞ்சா ஒரு கணக்கு. பச்சை தெரிஞ்சா இன்னொரு கணக்கு."

அவர் பேனாவை மூடிவைத்தார். "அண்ணாச்சி, இது கடல் இல்ல. பின்னால வர்ற லாரிக்காரன் பச்சையைப் பார்த்தா, போகலாம்னு நினைச்சு நேரே உங்க படகுக்குள்ள வந்து உட்காருவான். நடுவுல வெள்ளை வேற. அதைப் பார்த்தா அவனை நோக்கி நீங்க ரிவர்ஸ்ல வர்றீங்கன்னு நினைப்பான். அவன் என்னதான் செய்வான், பாவம்?"

வரிசையில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலமாக இருக்கும்.

இருபத்துமூன்றாம் தேதி மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 10, சனி

வினோ சட்ட விதிகளை இணையத்தில் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். எறும்பு அளவு எழுத்து. சட்டத்தை எழுதுகிறவர்கள் யாரும் படித்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். "நீயே வாசி, உனக்கும் மனசுல நிக்கும்" என்று அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் வாசிக்க வாசிக்க எனக்குப் புரிந்தது இது. பின்னால் இரண்டு ஓரத்திலும் சிவப்பு. பிரேக் மிதித்தால் அதே சிவப்பு இன்னும் பளிச்சென்று எரிய வேண்டும். திரும்புவதற்கு இரண்டு இண்டிகேட்டர். நம்பர் பிளேட்டுக்கு மேல் ஒரு சின்ன வெள்ளை, அது பிளேட்டை மட்டும் பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கூடாது. விளக்கு செத்துப்போனாலும் வெளிச்சம் பட்டதும் பளபளக்கிற சிவப்புச் சில்லுகள் வேறு. எந்த விளக்கும் அடுத்தவன் கண்ணைக் கூச வைக்கக் கூடாது.

"அப்போ பாய்மரம்?" என்றேன். அதைக் கழற்றிப் படகின் மேல் கிடத்தினால் பின்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும்.

"அதுக்குப் பகல்ல சிவப்புத் துணி. இருட்டுல சிவப்பு விளக்கு."

"துணிக்கும் சட்டமா?"

"உங்க லுங்கியக் கிழிச்சுக் கட்டிரலாம்னு நினைக்காதிய. அது நீலம்."

என் லுங்கி கறுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடலில் பின்னால் வருகிறவனுக்கு வெள்ளை காட்டுவோம். ரோட்டில் சிவப்பு காட்ட வேண்டும். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இது தலைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் டிரெய்லரின் பின்னால் வெள்ளை விளக்குத்தான் வருகிறது.

ஜனவரி 12, திங்கள்

ஞானதிரவியத்தின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. எனக்கு இளையவன், பல நாள் பழக்கம். படகு டிரெய்லரில் நேராக விளக்கு வைத்தால் படகின் பின்பக்கம் அதை மறைத்துவிடும், தண்ணீரில் இறக்கும்போது உப்பும் தின்றுவிடும் என்றான். அதனால் ஒரு பலகையில் எல்லா விளக்கையும் வைத்து, படகின் பின்னால் தொங்கவிட்டு, வயரை இழுத்து ஜீப்பின் ஏழு முள் பிளக்கில் சொருக வேண்டும். தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றி வைத்துவிடலாம்.

நல்ல யோசனை. பலகையை நான் அறுத்தேன். வயரையும் நானே இணைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வம்பு. பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டர் எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு மினுக்குகிறது. ஹாரன் அடித்தால் என்ன ஆகும் என்று ஞானம் அடித்துப் பார்த்தான். நல்லவேளை, ஹாரன்தான் அடித்தது.

"அண்ணாச்சி, பழுப்பையும் கறுப்பையும் சேத்து முறுக்கி வச்சிருக்கியளே."

"ரெண்டும் கறுப்புதான?"

அவன் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஆமா, இப்ப வாரது எல்லாம் ஒரே கலர்லதான் வருது" என்று சொல்லிவிட்டு அவனே முறுக்கை அவிழ்த்தான். அவனே ஒத்துக்கொண்டுவிட்டான். வயர் கம்பெனிகள் மோசம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஞானம் கடை பூட்டு. பக்கத்து வீட்டில் கொடுத்த கரும்பைத் தின்றுகொண்டு டிரெய்லரைச் சுற்றி வந்தேன். இழுவைக் கம்பியில் இடித்துக்கொண்டேன். இடித்ததும் நல்ல முழங்கால்தான்.

ஜனவரி 17, சனி

பல்பு மங்கல். மாலையில் பலகையை மாட்டிப் பார்த்தேன், சிவப்பு ஏதோ கருப்பட்டிக் காப்பி மாதிரி எரிகிறது. ஞானத்திடம் போய்ச் சண்டை போட்டுப் பெரிய பல்பாக மாட்டச் சொன்னேன். மாட்டி எரியவிட்டதும் வினோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ப்பா, பின்னால வாரவன் கண்ணு அவிஞ்சிரும். கூசக் கூடாதுன்னு வாசிச்சேன்ல?"

"கூசுதா?"

"கூசுதாவா?"

எனக்குக் கூசவில்லை. சிவப்பைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது, மாதா படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பது மாதிரி. இப்போதெல்லாம் லாரிக்காரர்களும் அப்படித்தான் விளக்கு போடுகிறார்கள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு கோலம். எங்கே வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. பழைய பல்பையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

இந்த விளக்கு விவகாரத்தில் யார் சொல்வது சரி என்றே விளங்கவில்லை. மங்கல் என்றால் எல்லாரும் பளிச் என்கிறார்கள். ஒன்று ஊர் முழுக்கச் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறது, அல்லது நான் வேறு ஒரு டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

வெள்ளோட்டம். வினோவும் நானும் படகை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சரிவுக்குப் போனோம். பொழுது சாயும் நேரம். பின்பக்கமாகச் சரிவில் இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கப் போன வினோ, "ப்பா, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினாள். அதற்குள் ஒரு சத்தம்.

சரிவின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டுவைத்திருக்கிறார்கள். பலகையின் இடது பாதி போய்விட்டது. சிவப்புச் சில்லெல்லாம் மணலில்.

"இப்படி ஓரத்துல கல்ல நட்டு வச்சா ஆளு என்ன செய்வான்?" என்றேன்.

வினோ சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "வெள்ளை அடிச்ச கல்லுப்பா. நான் சின்னப் பிள்ளையில இருந்து அங்கனதான் கெடக்கு. அதுல ஏறி நின்னுதான் நீங்க தோணியில வாரதப் பாத்துக் கை காட்டுவேன்" என்றாள்.

வரும் வழியில் நிலக்கடலை வாங்கினாள். போன வருடம் பன் தின்ற மாதிரியே தின்றாள். பாதி வழியில், "ப்பா, நாமளா போகணுமா? படகு வேற யாராச்சும் ஏத்திட்டுப் போவாவளா?" என்று கேட்டாள்.

"ஏன், அப்பனுக்கு வழி தெரியாதா?"

"வழி தெரியும்ப்பா" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஞானம் பலகையைச் சரிசெய்தான். என்ன நடந்தது என்று கேட்டான். கல் என்றேன். எந்தக் கல் என்று கேட்கவில்லை.

ஜனவரி 21, புதன்

விளக்கு சோதனை. சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. எப்போதும் நான் ஜீப்பில் உட்கார்ந்து மிதிப்பேன், வினோ பின்னால் நின்று சொல்வாள். இன்றைக்கு அவள், "நீங்க பின்னால நில்லுங்கப்பா, நான் மிதிக்கேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

"இடது போட்டுருக்கேன். எரியுதா?"

ஜீப்புக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டது. "எரியுது."

"வலது?"

டிக் டிக். "எரியுது."

"பிரேக்?"

பிரேக்குக்குச் சத்தம் கிடையாது. வெயில் நேரே கண்ணாடிச் சில்லில் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது.

"எரியுது. அம்சமா எரியுது" என்றேன்.

வினோ இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தாள்.

"நான் மிதிக்கவே இல்லப்பா."

லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும், தானாக எரிந்து அணைந்திருக்கும் என்று சொன்னேன். உப்புக் காற்றில் அப்படி ஆவதுண்டு.

"இருக்கும்ப்பா" என்றாள்.

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு ஞானத்திடம் அந்தக் கனெக்‌ஷனைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

ஞானத்திடம் போகவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

எஃப்.சி. கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாவே பின்னால் நின்று பார்த்தார். "இப்ப நல்லாருக்கு. பச்சையைக் காணோமே?" என்றார். சிரித்தேன். மனதில் ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு யோசனை சொன்னேன். சென்னைப் பயணத்தைப் பகலிலேயே முடித்துவிடலாம். பாதி வழியில் ஒரு ஊரில் தங்கலாம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். டயருக்கும் நல்லது.

மெற்றில்டா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "டயருக்கு வெயில்ல ஓட்டுறதா நல்லது?"

"ஜீப்புக்கு."

"இவ்வளவு விளக்கு மாட்டுனியளே, பகல்ல போறதுக்கா?"

வினோ சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்தாள். "நான் போகலம்மா. பரிட்சை வருது. அடுத்த வருசம் சீனியர்ல பாத்துக்கலாம்."

எந்தப் பரிட்சை என்று கேட்டேன். தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு வருடம் முழுக்க விடிவதற்கு முன்னால் எழுந்து கடலுக்குப் போன பிள்ளை, பரிட்சை என்கிறாள். என் மேல்தான் ஏதோ கோபம். கல்லுக்காகவா?

ஒன்றும் விளங்கவில்லை. படகு இருக்கிறது, பலகை இருக்கிறது, சட்டம் சம்மதித்துவிட்டது. எல்லாம் சரியான பிறகு ஏன் போகவில்லை என்கிறாள்?

விளங்கவில்லை என்று எழுதினேன். அப்படியே இருக்கட்டும். இது என் டைரி.

ஜனவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மெற்றில்டா ஜீப் சாவியை ஆணியில் இருந்து எடுத்தாள்.

"எங்க?"

"ஓட்டிப் பாக்கப் போறேன். டிரெய்லரோட."

"அது பள்ளிக்கூட வேன் இல்ல. பின்னால ஒரு வால் இருக்கு. ரிவர்ஸ்ல நீ இடது பக்கம் ஒடிச்சா அது வலது பக்கம் போகும்."

"நம்ம வீட்டுல எல்லாமே அப்பிடித்தான போகுது" என்றாள்.

கோயில் மைதானத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே நடந்தேன். வினோ பின்னால் நின்று கை காட்டினாள். முதல் தடவை டிரெய்லர் மடக்குக்கத்தி மாதிரி மடங்கி நின்றது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாவது தடவையும் மடங்கியது. மூன்றாவது தடவை இரண்டு வேப்பமரத்துக்கும் நடுவில், ரொட்டி அடுப்பில் தட்டைச் செருகுகிற மாதிரி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஜீப்பிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டேன். எது என்று நான் சொல்லவில்லை.

"ராத்திரிக் கல்யாணத்துக்கெல்லாம் ஆட்டோல போலாம்னு சொல்ல ஆரம்பிச்சிய பாருங்க, அப்ப இருந்து."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். தண்டல்கிட்ட கண்ணு தெரியலயான்னு எப்படிக் கேக்க? முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விட்டேன்ல ரெண்டு வருசம். வலிக்காத காலுக்கு."

வினோ வேப்பமரத்துப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, அவ்வளவு தூரம்.

பேச்சு முடிந்தது. மெற்றில்டா ஓட்டுவாள். வினோ போவாள். பரிட்சை ரத்தாகிவிட்டது. திரும்பி வந்ததும் நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை, மெற்றில்டா சொன்னதுதான் சட்டம்.

ஜனவரி 27, செவ்வாய்

திரும்பி வரும்வரை ஆஸ்பத்திரி காத்திருக்காது என்று இன்றைக்கே கூட்டிப் போய்விட்டாள். கண்புரை. இரண்டு கண்ணிலும். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எவ்வளவு நாளாக என்றார். கொஞ்ச மாதம் என்றேன். மெற்றில்டா தொண்டையைச் செருமினாள். கொஞ்ச வருடம் என்று திருத்தினேன். விளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமா, இருட்டினதும் வண்டி விளக்கு கண்ணை அடிக்குமா, நிறம் மங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டைரியை வாசித்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருந்தது.

வருகிற மாதம் ஆபரேஷன். பழைய மாதிரி தெரியும் என்கிறார்.

லாரிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வயர் கம்பெனியிடமும், இந்த டைரி அச்சடித்தவரிடமும்.

ஜனவரி 29, வியாழன்

விடிந்ததும் புறப்பட்டோம். பாய்மரத்தில் சிவப்புத் துணி கட்டியாயிற்று. மெற்றில்டா ஓட்டினாள், பக்கத்தில் வினோ. எனக்குப் பின் சீட்டு, புளிச்சோற்று வாளியோடு. பின் சீட்டிலிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. "பிரேக், பிரேக்" என்று காற்றில் மிதித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மெற்றில்டா ஓரமாக நிறுத்தி, "இறங்கி நடந்து வாரியளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் தூங்கினேன்.

வழியில் ஒரு டயர் பஞ்சர். அதைப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. போன வருடத்து செக்போஸ்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மெற்றில்டா விளக்குகளைப் போட்டாள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வினோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் மடியில் இருந்த வாளிக் காதை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அப்புறம் விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவர் டார்ச்சோடு பின்னால் போனார். வந்தார். மீசை வைத்த ஆள் நான்தான் என்பதால் நேரே என்னிடம் வந்தார்.

"வண்டி யாருது?"

"என்னுது சார்."

"பேப்பர் எடுங்க. பிரேக் மிதிச்சுக் காட்டுங்க."

"மிதிக்கிறது அவங்க சார்" என்று முன் சீட்டைக் காட்டினேன். "டிரைவர் அவங்கதான். நான் சும்மா வாரேன்."

முப்பது வருடத்தில் நான் யாரிடமும் சும்மா வாரேன் என்று சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

மெற்றில்டா மிதித்தாள். இடது போட்டாள். வலது போட்டாள். போலீஸ்காரர் மறுபடியும் பின்னால் போய் நின்று, "எல்லாம் இருக்கு. லைட்டெல்லாம் யாரு மாட்டினது? நல்லா மாட்டியிருக்காங்க" என்றார்.

"எங்கப்பா" என்று வினோ கத்தினாள். செக்போஸ்டே திரும்பிப் பார்த்தது.

ஜனவரி 30, வெள்ளி

பெயர் பதிந்தாயிற்று. மேசை மடக்கப்படாமல் நின்றது. அதைத் தட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 31, சனி

பந்தயம். கரையிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவு: நீலம் மாதிரி ஒன்று, அதன் மேல் வெள்ளையாக நிறைய. ஒன்றுபோல் இருந்தது எல்லாம். போன மாதம் என்றால், "அந்தா போறா பாரு" என்று ஏதோ ஒரு வெள்ளையைக் காட்டியிருப்பேன்.

"எது நம்ம பிள்ள?" என்று மெற்றில்டாவைக் கேட்டேன்.

அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அங்கன. தெரியுதா?"

"தெரியல. நீ சொல்லு."

மெற்றில்டாவுக்குப் பாய்ப்படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் விடாமல் சொன்னாள். "இப்ப சாய்ஞ்சிட்டா. ஐயோ. இல்ல, நிமிந்துட்டா. ஒரு பிள்ளைய முந்திட்டா. ரெண்டு. இல்ல, இரிங்க, அது வேற பிள்ள. நம்ம பிள்ள இந்தாப்புல இருக்கா. எதுக்கு எல்லாரும் அந்தப் பக்கம் போறப்ப இவ மட்டும் இந்தப் பக்கம் போறா?"

"காத்து அங்கன மாறிருக்கும். நல்லதுதான்" என்றேன். அது கண்ணில்லாமலே தெரிந்தது. இடது காதில் காற்று பட்ட விதம் மாறியிருந்தது.

"அப்போ சரி, போறா, போறா. முந்திட்டா. இப்ப நிசமாவே முந்திட்டா."

மெற்றில்டாவின் கணக்குப்படி வினோ ஒரு முறை முதலாவதாகவும், ஒரு முறை கடைசியாகவும், ஒரு முறை இரண்டு படகிலும் வந்தாள். எந்தப் பந்தயத்தையும் நான் இவ்வளவு குழப்பத்தோடு பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாகவும் பார்த்ததில்லை. முடிவில் ஏழாவது என்றார்கள். வினோ ஈரத்தோடு ஓடிவந்து, "ப்பா, கடைசித் திருப்பத்துல நான் மட்டும் இந்தப் பக்கம் வந்தேன், பாத்தியளா?" என்றாள்.

"அம்மா பாத்தா. நான் கேட்டேன்."

அவள் ஒரு பன் வாங்கிக்கொண்டு டிரெய்லரின் மேல் ஏறி உட்கார்ந்தாள். தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். வாயில் பன்னை வைத்துக்கொண்டு பேசாதே என்று மெற்றில்டா இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் படகை ஏற்றிக் கட்டினோம். பாய்மரத்தில் துணிக்குப் பதில் சிவப்பு விளக்கு. பலகையைத் தொங்கவிட்டு, பிளக்கை நான்தான் சொருகினேன். ஏழு முள்ளும் விரலுக்குத் தெரியும். வினோ ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் வந்து நின்றேன்.

"பிரேக்க மிதிச்சிருக்கேன்ப்பா. எரியுதா?"

பார்த்தேன். சிவப்பு இருந்தது. வட்டமும் இருந்தது.

"இரு" என்றேன். "அம்மாவக் கூப்பிடுதேன்."